கடல்நீர் மீன்தொட்டித் தண்ணீர் தரையில் கொட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நான்கடி மரைன் தொட்டி வைத்திருக்கிறேன். கீழே சம்ப் (மேல் தொட்டியின் தண்ணீர் இறங்கிச் சேரும் சின்னத் தொட்டி), ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக்கி ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி), தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப் எல்லாம் உண்டு. இத்தனை வருடத்தில் மீனுக்குச் செலவழித்த நேரத்துக்கு ஈடாகத் தரை துடைப்பதிலும் போயிருக்கும். நல்ல தண்ணீர் மீன் வளர்த்துவிட்டுப் புதிதாகக் கடல்நீருக்கு மாறுகிற நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நல்ல தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகிறோம். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் கொட்டினால் 350 கிராம் உப்பைத் தரையில் தூவியதாகக் கணக்கு.

சமையலறையில் ஐப்பசி மழை நாளில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், அடியில் நீர் கசிந்து நிற்கும். கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை முக்கியமாக இழுப்பது இந்த இரண்டாவதுதான். அதனால்தான் மின்விசிறி போட்டு மதியம் காய்ந்த தரை, ராத்திரி மறுபடி பிசுபிசுக்கிறது. கால் ஒட்டுவதோடு விஷயம் முடியாது. அந்த உப்பு ஈரம் பீரோவின் காலையும், ஸ்டாண்டின் பிளைவுட்டையும், சுவரோர பிளக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும்.

ஆகவே வேலை இரண்டு தடவை: முதலில் கடல்நீரை எடுப்பது, பிறகு அதே இடத்தை நல்ல தண்ணீரால் அலசி அதையும் எடுப்பது. பெரும்பாலானோர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கொட்டியதைப் பார்த்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

துண்டைத் தேடி ஓடாதீர்கள். முதலில் நில்லுங்கள், தண்ணீர் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸையோ பிளக்கையோ தொட்டிருந்தால், தொடக்கூடிய தூரத்தில் இருந்தால்கூட, ஈரத்தில் கால் வைக்காமல் போய் மெயினை அணைக்க வேண்டும். கடல்நீர் குடிநீரைவிடப் பல பத்து மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஈரத்தில் நின்றுகொண்டு பிளக்கைப் பிடுங்குவது மிக மோசமான யோசனை.

நம் வீடுகளில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்வெர்ட்டர். மெயினை அணைத்ததும் 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து இன்வெர்ட்டர் வேலை தொடங்கிவிடும். மீன் செத்துவிடக் கூடாதே என்று தொட்டியின் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனில்தான் நாம் போட்டிருப்போம். அதாவது நீங்கள் மெயினை அணைத்த பிறகும் அந்தப் பாக்ஸில் மின்சாரம் இருக்கிறது. இன்வெர்ட்டரையும் தனியாக அணைத்தால்தான் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரு சீட்டு எழுதி மெயின் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன், நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

மின்சாரம் போன பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். குழாயாக இருந்தால் வால்வை மூடுங்கள், சைஃபன் ஓஸாக இருந்தால் மேலே தூக்குங்கள். துண்டெல்லாம் அப்புறம்.

எம்சிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் சிறிய கசிவுக்கு விழாது. அதற்கு வேண்டியது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் வகை. பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் இது இருக்காது. இருந்தாலும் இன்வெர்ட்டர் லைன் அதன் வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த ஸ்கிம்மர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது என்பேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் மீன் என்ன ஆகும்?

மீன் நெருக்கமில்லாத தொட்டி ஓரிரு மணி நேரம் பொதுவாகத் தாங்கும். வெயில் காலத்தில் அவ்வளவு நம்ப வேண்டாம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் நிதானமாகத் துடைக்கலாம். அது இல்லையென்றால் ஒரு சுத்தமான சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள், பிள்ளைகள் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தண்ணீரை எடுக்க எது நல்லது?

நிறையக் கொட்டியிருந்தால் துணி போட்டு ஊறவைக்க வேண்டாம். வைப்பரால் ஓரிடத்துக்குத் தள்ளி, பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி வாளியில் ஊற்றுவதுதான் வேகம். மிச்சத்துக்குப் பழைய பருத்தித் துணி. நைந்த வேட்டி, லுங்கி, குளிக்கும் துண்டு மூன்றும் கடையில் வாங்கும் பல மாப்களைவிட நன்றாக உறிஞ்சும். பாலியஸ்டர் புடவையைப் போட்டுப் பயனில்லை, அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும்.

வேக்யூம் கிளீனரில் ஈரத்தையும் இழுக்கும் வகை இருந்தால் பயன்படுத்தலாம். முடிந்ததும் அரை வாளி நல்ல தண்ணீரை அதற்குக் 'குடிக்கக்' கொடுத்துவிடுங்கள், உள்ளே உப்பு தங்கக் கூடாது. சாதாரண வேக்யூமைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

நனைந்த துண்டுகளை நேராக வாஷிங் மெஷினில் போடாமல் வாளியில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள். மூலையில் குவித்து வைத்தால் மறுநாள் மீன் சந்தை வாசம் வரும்.

நல்ல தண்ணீரால் எத்தனை முறை துடைக்க வேண்டும்? உப்பு போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

வழவழப்பான டைல்ஸ் என்றால் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரை மாற்றி. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் உப்பை வீடு முழுக்கப் பகிர்ந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் கையில் ஏற்கெனவே உள்ள கருவி போதும். ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கப் பேனா போல ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பீர்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. துடைப்பதற்கு முன் வாளித் தண்ணீரை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். துடைத்துப் பிழிந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளியில் 1 கிராம் உப்பு சேர்ந்தால் அளவு ஏறக்குறைய 100 கூடும். முதல் வாளியில் ஆயிரக்கணக்கில் ஏறும், சில மீட்டர்கள் காட்ட முடியாமல் திணறும். வித்தியாசம் 100-க்குக் கீழே வந்ததும் நான் நிறுத்திவிடுவேன்.

மீட்டர் இல்லாதவர்கள் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஒட்டினால் இன்னும் ஒரு வாளி.

வெள்ளிக்கிழமை அம்மா கல்லுப்புப் போட்டுத்தான் வீடு துடைக்கிறார். அதனால் தரை கெட்டுப்போகவில்லையே?

இந்தக் கேள்வியை என் அம்மாவே கேட்டார். ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிராம்தான். தொட்டித் தண்ணீரில் அதைப்போல ஏழு மடங்கு. தவிர அவர் நன்றாகப் பிழிந்த துணியால் மேலாகத் துடைக்கிறார், மறுநாள் நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்கிறார். தொட்டித் தண்ணீர் குளமாக நின்று டைல்ஸ் இடுக்கிலும் ஸ்டாண்டின் அடியிலும் இறங்குகிறது. திருஷ்டிக்குப் போடும் உப்பை அவர் தாராளமாகத் தொடரலாம், தொட்டி ஸ்டாண்டைச் சுற்றி மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பினாயில், வினிகர், ஆசிட் எதையாவது சேர்க்கலாமா?

உப்பைக் கரைக்கத் தண்ணீருக்கு மேல் எதுவும் தேவையில்லை. பினாயில் உப்பை எடுக்காது, வாசத்தைத்தான் சேர்க்கும். அந்த வாசம்தான் எனக்குப் பயம். ஸ்கிம்மரும் ஏர் பம்ப்பும் கூடத்துக் காற்றை ஓயாமல் இழுத்துத் தொட்டிக்குள் கலக்கின்றன. தரையில் தெளிப்பது எதுவாக இருந்தாலும் அதன் ஆவி மீனிடம் போகும். தவிர்க்க முடியாவிட்டால் ஜன்னலைத் திறந்து, காற்று இழுக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள். கொசு மருந்துக்கும் இதே எச்சரிக்கை. அதிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் கடும் விஷம்.

வினிகர் உப்புக்கு வேண்டாம், தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும் சுண்ணாம்புக் கறைக்கு நல்லது. துணியில் நனைத்துத் தேய்க்கலாம். ஆனால் அது தரையில் சொட்டினால் எந்தத் தரை என்பது முக்கியம். மார்பிள், கடப்பா, கோட்டா எல்லாமே சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் பளபளப்பு அரித்துப் போய் வெளிறிய தழும்பு விழும், அது துடைத்தால் போகாது. பழைய வீட்டு மொசைக் தரையில் இருப்பதும் மார்பிள் சில்லுகள்தான், எனவே அதற்கும் கூடாது. கிரானைட்டும் விட்ரிஃபைட் டைல்ஸும் தாங்கும், டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்ட் தாங்காது.

கழிப்பறை ஆசிட்டைக் கூடத்துக்கே கொண்டுவராதீர்கள். ஆசிட்டையோ வினிகரையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும். மீன் மட்டுமல்ல, நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் போய்விட்டது. வெயிலில் காயவைத்தால் போதுமா?

போதாது, தூக்கிப் போடுங்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே படலமாக நிற்கும். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரத்துக்குப் பாதை போடும். கருகுவதும் தீப்பிடிப்பதும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. பம்ப்பின் பிளக் நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பின்களைத் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் பயன்படுத்தலாம். பின்னில் பச்சை படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

புதிய பாக்ஸைத் தரையில் வைக்க வேண்டாம். தொட்டிக்குப் பக்கவாட்டுச் சுவரில், சம்ப்புக்கு மேலே இல்லாத இடத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறுவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறட்டும். வயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

தொட்டி ஸ்டாண்டு நனைந்துவிட்டது. பிளைவுட் தாங்குமா?

நல்ல வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் ஒருமுறை நனைந்ததைத் தாங்கும். எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு தாங்காது. மைக்கா ஒட்டாத விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறி உப்பிவிடும், உப்பியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, கதவுகளைத் திறந்து, டேபிள் ஃபேனை ஒரு நாள் முழுக்க உள்ளே திருப்பி வையுங்கள். கதவுக் கீல்களையும் திருகுகளையும் தவறாமல் துடைக்கவும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உப்பில் துரு பிடிக்கத்தான் செய்யும்.

பார்வைக்கு அசிங்கம் என்பதைவிட எடைதான் கவலை. 120-க்கு 45-க்கு 50 செ.மீ. தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 270 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டின் ஒரு கால் உப்பி, தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணாடியின் சிலிகான் ஒட்டுகள் மேல் அந்தச் சுமை கோணலாக இறங்கும். மாதம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு கொட்டியது என்று எப்படிக் கணக்கிடுவது? திரும்ப எதை ஊற்றுவது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஆனால் பார்வையை நம்பாதீர்கள், தரையில் எல்லாமே கடல் மாதிரிதான் தெரியும். அள்ளிய வாளிகளை எண்ணுவதுதான் சரி. சம்ப் இல்லாத என் அளவுத் தொட்டியில் ஒரு செ.மீ. இறக்கம் என்பது 5.4 லிட்டர்.

எதை ஊற்றுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தினமும் ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிப் பழகிய கை, இப்போதும் அதையே ஊற்றிவிடும். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. கொட்டும்போது உப்பும் சேர்ந்து போகிறது. 200 லிட்டரில் 10 லிட்டர் கொட்டி, ஆர்ஓ தண்ணீரால் நிரப்பினால் உப்பளவு 35-லிருந்து 33.25-க்கு இறங்கும். ஒருமுறை என்றால் மீன் சமாளிக்கும், இறால் அவ்வளவு பொறுக்காது. தானாக நிரப்பும் கருவி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், நீங்கள் தரை துடைக்கும் நேரத்தில் அது சத்தமில்லாமல் ஆர்ஓ தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்திவிட்டு, மரைன் உப்பு (கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு) கரைத்த தண்ணீரைப் பழைய அளவுக்கு ஊற்றுங்கள். சமையல் உப்பு வேண்டாம். தரையிலிருந்து அள்ளியதைத் திரும்ப ஊற்றவும் வேண்டாம், நேற்றைய சோப்பும் பினாயிலும் அதில் இருக்கின்றன.

அள்ளிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

கழிப்பறையில். மாடித்தோட்டத் தொட்டிகளில் ஊற்றினால் செடி கருகும். தென்னைக்கு உப்பு வைப்பது வழக்கம்தானே என்று எங்கள் குடியிருப்புத் தோட்டக்காரர் அண்ணன் சொன்னார், அவர் சொல்வது சரிதான். ஆனால் அதே இடத்தில் வாராவாரம் ஊற்றினால் மண் கெட்டு, பக்கத்துச் செம்பருத்தி முதலில் போகும். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கி, நல்ல தண்ணீரை நிலத்துக்குள் இறக்கப் போட்ட அமைப்பு அது.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரருக்குப் பாதிப்பு வருமா?

ஒருமுறை கொட்டி உடனே துடைத்த தண்ணீரால் கீழ் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தெரியாமல் சொட்டுவதுதான் ஆபத்து. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். கசிவு நின்று சுவர் காய்ந்த பிறகே பெயிண்ட்.

கொட்டவேயில்லை, ஆனால் தொட்டி விளிம்பில் வெள்ளைக் கோடு வருகிறது. கசிவா?

மேல் விளிம்பு, மூடி, விளக்கு, வயர் இவற்றில் என்றால் பெரும்பாலும் குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகள் காய்ந்து ஏறுவதுதான். ஈரத் துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும், உள்ளே பெரிய கட்டியாக விழாமல் பார்த்துக்கொள்ளவும். கண்ணாடி ஒட்டின் கீழ்ப் பாதியிலோ குழாய் இணைப்பிலோ கோடு வந்தால் சந்தேகப்படுங்கள். துடைத்துக் காயவைத்து, டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இன்னொரு தடயம் உண்டு. தானாக நிரப்பும் கருவி உள்ள தொட்டியில், நீங்கள் எதையும் மாற்றாமல் உப்பளவு வாரந்தோறும் இறங்கிக்கொண்டே போனால், எங்கேயோ உப்புத் தண்ணீர் வெளியே போகிறது. ஒரு முறை எனக்கு அந்த 'எங்கேயோ' ஸ்டாண்டின் பின்பக்கச் சுவராக இருந்தது.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் கொட்டுகிறது. ஏன்?

பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே கொண்டுபோன குழாயே சைஃபனாக மாறித் தொட்டியிலிருந்து கீழே இறக்கும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ. மூழ்கியிருந்தால் என் தொட்டியில் 27 லிட்டர் சம்ப்புக்கு வந்துவிடும். சம்ப்பில் அதற்கு இடம் இல்லையென்றால் தரைதான் இடம். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் முறியும். அந்தத் துளையைப் பாசியோ நத்தையோ அடைக்கும், அதனால் அதை மட்டும் நம்பாமல் சம்ப்பில் இடமும் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில், கையில் துண்டோடு, நீங்களே பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மின்வாரியம் சோதிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கரண்ட் திரும்பியதும் கொட்டுகிறது என்றால் ஸ்கிம்மரைப் பாருங்கள். சம்ப்பில் மட்டம் ஏறியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நுரை பொங்கிக் கோப்பை வழியும். அந்தத் தேநீர் நிறத் தண்ணீருக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதாது. பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் சேர்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போக இரண்டு முறை அலசுங்கள். அந்தத் துணி திரும்பத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது.

கையுறை அவசியமா?

கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் கண்டிப்பாக. மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, புண் வழியாகப் புகுந்து மெதுவாக ஆறாத கட்டியை உண்டாக்கும். துடைத்த பின் சில வாரம் கழித்து விரலில் அப்படி ஏதாவது வந்தால், தோல் மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள், அவராகக் கேட்க வாய்ப்பில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத் துடைக்கச் சொன்னால் அவருக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுங்கள். மின்சாரத்தை அணைத்த பிறகே கூப்பிடுங்கள்.